ஹோண்டா எஸ்2000க்கு எந்த வீல், எந்த டயர்: ஒரு ஏபி1 காரோட முழு விவரம்

கார் 2001 மாடல் ஹோண்டா எஸ்2000, ஏபி1ன்னு சொல்ற முதல் வகை. ஓனர் கலிஃபோர்னியா பே ஏரியால எங்க ஆபீஸ்ல வேலை பாக்குற தம்பி ஒருத்தர், ரொம்ப நாள் ஆசைப்பட்டு செகண்ட்ஹேண்ட்ல வாங்கினாரு. எஞ்சின் அருமை, கியர்பாக்ஸ் அருமை, பெயின்ட் கூட பரவால்ல, ஆனா ஓட்ட ஆரம்பிச்சதுல இருந்தே மூணு குறை சொல்லிட்டு இருந்தாரு. ஃப்ரீவேல ஸ்டியரிங் தானா ரோட்டுல இருக்கிற வரிப்பள்ளத்தைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இழுக்குது, பள்ளத்துல இறங்கினா பின்னாடி சர்ருனு உரசுற சத்தம் வருது, மூணாவதுதான் பயமான விஷயம், மழை நாள்ல ஃப்ரீவே ஏறுற வளைவுல சாதாரண வேகத்துலயே பின்பக்கம் வழுக்கி கார் பாதி திரும்பிடுச்சு. நல்ல வேளை பக்கத்துல வேற வண்டி இல்ல. "அண்ணா, டயர் மட்டமா இருக்கும் போல, நல்ல பிராண்டா நாலு வாங்கிப் போட்டா சரியாயிடும்ல?"ன்னு கேட்டாரு.

டயர் வாங்குறதுக்கு முன்னாடி இப்ப என்ன மாட்டியிருக்குன்னு பாக்கலாம்னு காரை ஜாக்கி போட்டு தூக்கி நாலு வீலையும் கழட்டினோம். முன்னாடி இருந்த ஓனர் வீலை மாத்தியிருக்காரு. ஸ்போக்குக்குப் பின்னாடி வார்ப்புலயே 17×8, 35ன்னு எழுதியிருந்துச்சு, அதாவது 17 இன்ச், 8 இன்ச் அகலம், ஆஃப்செட் 35, நாலு மூலைக்கும் ஒரே வீல். டயரும் நாலுக்கும் ஒரே சைஸ், 225/45 ஆர்17. டயர் கடைக்காரர்கிட்ட கேட்டா இதெல்லாம் சரியான சைஸ்தான்னு சொல்லுவாரு, ஏன்னா 5×114.3 போல்ட் வட்டம், அதாவது 114.3 மிமீ வட்டத்துல அஞ்சு போல்ட், இந்தக் காருக்கும் பொருந்துது, வெளி விட்டமும் பொருந்துது. கணக்கு போட்டுப் பாருங்க, டயர் அகலம் 225ல 45 சதவீதம்னா சைட்வால், அதாவது டயரோட பக்கச்சுவர், 101.25 மிமீ, ரெண்டு பக்கம் 202.5, அதோட 17 இன்ச்சை மிமீ ஆக்கி 431.8 சேத்தா 634.3. கம்பெனி முன் டயர் 205/55 ஆர்16, அது 631.9. வித்தியாசம் 0.4 சதவீதம் கூட கிடையாது. எல்லாரும் சொல்ற 3 சதவீத எல்லைக்குள்ள சுகமா வருது, ஸ்பீடோமீட்டர் சரியா காட்டும், ஏபிஎஸ்ஸும் குழம்பாது. முக்கால்வாசி பேர் இதைப் பாத்துட்டு வீல் வாங்கிடுறாங்க. இந்தக் காரோட பிரச்சனை மொத்தமும் இந்தக் கணக்கு காட்டாத இடத்துலதான் இருந்துச்சு.

முதல்ல ஆஃப்செட். வீலோட அகலத்துக்கு சரியா நடுவுல ஒரு கோடு போட்டா, அந்தக் கோட்டுக்கும் ஹப்ல, அதாவது வீலை மாட்டுற நடு அச்சுத் தட்டுல, ஒட்டுற முகத்துக்கும் உள்ள தூரம்தான் அது, நம்பர் கூடக்கூட வீல் காருக்கு உள்ள போகும், குறையக் குறைய வெளிய வரும். ஏபி1க்கு கம்பெனி குடுத்தது முன்னாடி 16×6.5 ஆஃப்செட் 55, பின்னாடி 16×7.5 ஆஃப்செட் 65. இது ரெண்டும் ரொம்பப் பெரிய நம்பர், நிறைய கார்ல 35, 40, 45 தான் பாப்போம், அதனால கடைல கிடைக்கிற 5×114.3 வீல் பெரும்பாலும் எஸ்2000க்கு வெளிய நீட்டிக்கிட்டுதான் நிக்கும். எவ்வளவுன்னு பாப்போம். கம்பெனி முன் வீல் 6.5 இன்ச், அதாவது 165.1 மிமீ, பாதி 82.55, அதுல 55 போக ஹப் முகத்துல இருந்து வெளி விளிம்பு 27.5 மிமீ தூரத்துல இருக்கு. இந்த 8 இன்ச் வீலுக்கு பாதி அகலம் 101.6, அதுல 35 போக 66.6. ஆக முன்னாடி 39 மிமீ வெளிய வந்திருக்கு. பின்னாடி அதே மாதிரி போட்டா 36 மிமீ. ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை இன்ச் வெளிய தள்ளினா ஃபெண்டர், அதான் சக்கரத்துக்கு மேல இருக்கிற பாடித் தகடு, என்ன பண்ணும், பின் ஃபெண்டரோட உள் மடிப்புல பெயின்ட் போய் இரும்பு தெரிஞ்சுது, பம்பரும் ஃபெண்டரும் சேர்ற இடத்துல ஒரு ஸ்க்ரூ உண்டு, எஸ்2000 வச்சிருக்கவங்க எல்லாருக்கும் அந்த ஸ்க்ரூவைத் தெரியும், அதோட தலை தேய்ஞ்சு பளபளன்னு இருந்துச்சு. இடது பின் டயரோட வெளி ஷோல்டர்ல, அதாவது வெளி ஓரத்துல, கத்தியால கீறின மாதிரி சுத்திலும் ஒரே கோடு. விரலை வச்சுத் தடவினா நகம் மாட்டுது. அந்தக் கோடு இன்னும் கொஞ்சம் ஆழமா போயிருந்தா ஃப்ரீவே வேகத்துல டயர் வெடிச்சிருக்கும்.

விளிம்பு எங்க நிக்குதுங்கிறது உரசலுக்கான கணக்கு. டயர் ரோட்டைத் தொடுற இடத்தோட நடு எங்க நிக்குதுங்கிறது ஸ்டியரிங்குக்கான கணக்கு, இது ரெண்டையும் நிறைய பேர் ஒண்ணா நினைச்சுக்குறாங்க. நடுக்கோடு நகர்றது அகலத்தைப் பொறுத்தது இல்ல, ஆஃப்செட் வித்தியாசம் மட்டும்தான். முன்னாடி 55ல இருந்து 35, அப்ப 20 மிமீ வெளிய. பின்னாடி 65ல இருந்து 35, 30 மிமீ. முன் சக்கரம் திரும்புற அச்சை கீழ நீட்டினா ரோட்டுல ஒரு புள்ளியில தொடும், அந்தப் புள்ளிக்கும் டயரோட நடுவுக்கும் உள்ள தூரத்தைத்தான் ஸ்க்ரப் ரேடியஸ்னு சொல்றாங்க, அது ஹோண்டா யோசிச்சு வச்சதை விட 20 மிமீ வெளிப்பக்கம் மாறிப்போச்சு. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்துல விழுந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் ஈரமான ரோட்டுல பிரேக் புடிச்சாலோ அந்தத் தூரம்தான் நெம்புகோலா வேலை செஞ்சு ஸ்டியரிங்கைப் புடுங்கும். தம்பி சொன்ன முதல் குறைக்கு விடை இங்க இருக்கு. இது போதாதுன்னு வீல் பேரிங் மேலயும் சுமை கூடுது, சஸ்பென்ஷனுக்கும் ஸ்பிரிங் கொஞ்சம் மெத்துனு ஆன மாதிரி ஆயிடும்.

இப்ப மழைல வழுக்கின விஷயத்துக்கு வரேன், எனக்கு இந்த மொத்த ஆய்வுலயும் முக்கியமா படுறது இதுதான்.

எஸ்2000 சுமார் 1270 கிலோ கார், முன் பின் எடை கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, 9000 ஆர்பிஎம் வரை சுத்துற 2 லிட்டர் எஃப்20சி எஞ்சின், அமெரிக்க ஸ்பெக்ல 240 ஹார்ஸ்பவர், பின் சக்கர டிரைவ். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் அமெரிக்காவுல 2006 மாடல்லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி இருக்கிற கார்ல ஏபிஎஸ் மட்டும்தான், பின்பக்கம் வழுக்கினா காப்பாத்த உங்க கை மட்டும்தான் இருக்கு. அதுலயும் ஏபி1ல பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது டோ கோணம், அதாவது மேல இருந்து பாத்தா சக்கரம் உள்ள வெளிய திரும்பி நிக்கிற கோணம், நல்லாவே மாறும், வளைவுல பாதில ஆக்சிலரேட்டர்ல இருந்து கால் எடுத்தா பின்பக்கம் படக்குனு போற குணம் ஆரம்பத்துல இருந்தே பேசப்பட்ட ஒண்ணு. ஹோண்டா இதை 2004 மாடல்ல மாத்துச்சு, பின் சஸ்பென்ஷன்ல டோ மாற்றத்தைக் குறைச்சாங்க, அதோட வீல் டயரையும் மாத்தினாங்க. எப்படி மாத்தினாங்கன்னு கவனமா பாருங்க. ஏபி1ல முன்னாடி 205, பின்னாடி 225, வித்தியாசம் 20 மிமீ. 2004ல முன்னாடி 215, பின்னாடி 245, வித்தியாசம் 30. 2008ல சிஆர்னு டிராக்குக்காக ஒரு மாடல் விட்டாங்க, அதுல முன்னாடி அதே 215, பின்னாடி 255, வித்தியாசம் 40. காரை வடிவமைச்சவங்களே ஒவ்வொரு தடவையும் பின்பக்கத்துக்குத்தான் அதிகமா ரப்பர் குடுத்திருக்காங்க. நம்ம கார்ல முன்னாடி 225, பின்னாடி 225, வித்தியாசம் பூஜ்யம். பின்பக்கம் ஒரு மிமீ கூட கூடல, முன்னாடி மட்டும் 20 கூடியிருக்கு. முன்பக்கம் நல்லா கடிச்சுத் திரும்பும், ஓட்டுறவருக்கு "ஆஹா என்னமா திரும்புது"ன்னு தோணும், ஆனா கிரிப் தீரும்போது முதல்ல தீர்றது பின்னாடிதான்.

இதுக்கு மேல டயரோட நிலைமை. சைட்வால்ல டிஓடின்னு ஆரம்பிக்கிற எழுத்தோட கடைசி நாலு நம்பர் தயாரிச்ச வாரமும் வருஷமும். பின் டயர்ல 1214, அதாவது 2014ல 12வது வாரம். முன் டயர் வேற பிராண்ட், அதை விட ரொம்பப் புதுசு, ரப்பர்ல இருக்கிற பள்ளம் ஆழமா இருந்துச்சு. பின் டயர்ல தேய்மானக் கட்டை, அதான் 1.6 மிமீல இருக்கிற அந்த சின்ன மேடு, கிட்டத்தட்ட ரப்பரோட சமமா வந்துடுச்சு. பின் சக்கரம் தள்ளுற கார்ல பின் டயர் சீக்கிரம் தேயும், அது இயற்கை, ஆனா அதைக் கவனிக்காம விட்டதுல மழைத் தண்ணியை வெளிய தள்ள பள்ளமே இல்ல. சைஸ் சமநிலை ஒரு பக்கம் கெட்டு, தேய்மானமும் அதே பக்கம் சேந்து தள்ளுச்சு. தம்பி நினைச்ச மாதிரி இதே 225 சைஸ்ல நாலு புது டயர் போட்டிருந்தா மழை வழுக்கல் குறைஞ்சிருக்கும், மத்த எல்லாம் அப்படியே இருந்திருக்கும், அடுத்த தடவை இன்னும் கூட வேகத்துல வழுக்கியிருக்கும்.

கழட்டும்போது இன்னொண்ணு தெரிஞ்சுது, யாரும் குறையா சொல்லாத விஷயம், ஆனா எல்லாத்தையும் விட மோசமானது. நட். ஹோண்டா கம்பெனி வீலுக்கு நட்டோட அடிப்பக்கம் உருண்டையா இருக்கும், வீல்ல உக்கார்ற குழியும் அதே உருண்டை வடிவம். வெளில வாங்குற வீல் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு வடிவக் குழி. முன்னாடி இருந்த ஓனர் வீலை மட்டும் மாத்திட்டு கம்பெனி நட்டையே போட்டு முறுக்கியிருக்காரு. புனலுக்குள்ள கோலிக்குண்டைப் போட்டா சுத்தி ஒரு கோட்டுல மட்டும்தானே தொடும், அதேதான் நடந்திருக்கு, வீலோட ஒவ்வொரு குழிலயும் நூல் மாதிரி ஒரு பளபளப்பான வளையம், மத்த இடமெல்லாம் பெயின்ட் அப்படியே இருந்துச்சு. வலது முன் வீல்ல ரெண்டு நட்டு ரெஞ்ச்சை வச்ச உடனே சுலபமா சுத்திடுச்சு. வீலை ஹப்போட புடிச்சு வைக்கிறது நட்டு இறுக்கத்துல வர்ற உராய்வுதான், அந்த இறுக்கம் போச்சுன்னா ஸ்டட், அதான் ஹப்ல இருந்து நீட்டிக்கிட்டு நட்டு ஏறுற போல்ட், பக்கவாட்டுல வளைய ஆரம்பிக்கும், அப்புறம் ஒண்ணொண்ணா உடையும். எம்12×1.5 த்ரெட் சரியா ஏறுதுங்கிறதால நட்டு பொருந்துதுன்னு நினைச்சுட்டாங்க. "அண்ணா, போல்ட் ஏறிடுச்சுல்ல, அப்புறம் என்ன?"ன்னு தம்பியும் கேட்டாரு. ஏறுறது வேற தம்பி, உக்கார்றது வேற.

நடு ஓட்டையும் அதே கதைதான். அந்த வீல்ல துளை 73.1 மிமீ, பல காருக்குப் போடுற மாதிரி பெருசா செஞ்ச பொதுவான அளவு, ஹப் அதை விட சின்னது, நடுவுல வளையம் எதுவும் போடல. வளையம் இல்லாம ஓடவே ஓடாதுன்னு சொல்ல மாட்டேன், கூம்பு நட்டு சரியா இருந்தா அதுவே நடுவுக்குக் கொண்டுவந்துடும், ஆனா இங்க நட்டும் தப்பு. 65 மைல் வேகத்துல ஒரு நடுக்கம் இருந்துச்சுன்னு தம்பி அப்புறமா ஞாபகம் வந்து சொன்னாரு.

சரி, என்ன போடலாம். மூணு வழி பேசினோம். ஏபி1ஓட பழைய 16 இன்ச் வீலைத் தேடிப் போடலாம், தப்பே இல்லாத தேர்வு, காருக்குன்னே செஞ்சது, ஆனா 225/50 ஆர்16ல நல்ல சம்மர் டயர் கிடைக்கிறது குறைஞ்சுக்கிட்டே வருது, அடுத்த தடவை டயர் மாத்தும்போது மறுபடி சைஸ் மாத்துற யோசனை வரும். ரெண்டாவது, 2004 மாடலோட 17 இன்ச் கம்பெனி வீல். மூணாவது, தம்பிக்கு ஆசையா இருந்தது, டிராக் ஓட்டுறவங்க போடுற 17×9 ஆஃப்செட் 63, நாலுக்கும் 255/40 ஆர்17.

என் மனசு ரெண்டாவதுலயே நின்னுச்சு, அதுக்குக் காரணம் நம்பர்லயே இருக்கு. 2004 வீல் முன்னாடி 17×7 ஆஃப்செட் 55, பின்னாடி 17×8.5 ஆஃப்செட் 65. வீல் பெருசாச்சு, அகலமாச்சு, ஆனா ஆஃப்செட்டை ஹோண்டா தொடவே இல்ல, அதே 55, அதே 65. அதனால டயரோட நடுக்கோடு ஒரு மிமீ கூட நகரல. முன்னாடி அரை இன்ச் அகலம் கூடினதுல உள்ள 6.35, வெளிய 6.35, பின்னாடி ஒரு இன்ச் கூடினதுல உள்ள 12.7, வெளிய 12.7, அவ்வளவுதான். ஸ்டியரிங் குணம் கெடாம அகலத்தைக் கூட்டுறது எப்படின்னு இதை விட தெளிவா யாரும் சொல்லித்தர முடியாது. விட்டம் பாத்தா 215/45 ஆர்17க்கு 625.3, 245/40 ஆர்17க்கு 627.8, பழைய அளவை விட முன்னாடி ஒரு சதவீதம், பின்னாடி அரை சதவீதம் சின்னது, முன் பின் வித்தியாசம் 2.5 மிமீதான். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தை விட துளி கூட காட்டும், அது பாதுகாப்பான பக்கம்தான். டயருக்கு ஏத்த ரிம் அகலம்னு ஒரு வரம்பு இருக்கு, 215/45க்கு 7ல இருந்து 8, 245/40க்கு 8ல இருந்து 9.5, ரெண்டுமே வரம்புக்குள்ள வருது, சைட்வால் இழுத்துப் புடிச்சும் நிக்காது, உப்பிக்கிட்டும் நிக்காது. லோட் இண்டெக்ஸ் 215ல 87, அதாவது ஒரு டயருக்கு 545 கிலோ, ரெண்டுக்கும் சேத்து 1090, முன் ஆக்சில் சுமைக்கு தாராளம். 245ல 91, ஒண்ணுக்கு 615 கிலோ. ஸ்பீடு ரேட்டிங் டபிள்யூ, மணிக்கு 270 கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும்.

மூணாவது வழியை ஏன் வேணாம்னு சொன்னேன்னா அது தப்பான செட்டப்ங்கிறதால இல்ல. டிராக்ல நல்லா வேலை செய்ற செட்டப் அது, ஆனா அது வீல் மட்டும் கிடையாது. 17×9 ஆஃப்செட் 63ஐ ஏபி1 முன்பக்கம் போட்டா வெளிய 24 மிமீ, உள்ள 40 மிமீ வரும், ஃபெண்டர் மடிப்பை உருட்டி வெளிய இழுக்கணும், கேம்பர், அதாவது சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாயற கோணம், கூட்டணும், எல்லாத்துக்கும் மேல முன்னாடி 255 பின்னாடி 255ன்னா மறுபடி வித்தியாசம் பூஜ்யம், அதை சரிக்கட்ட முன்னாடி தடிமனான ஸ்வே பார், அதாவது வளைவுல கார் சாயறதைக் குறைக்கிற கம்பி, போட்டு முன்பக்க கிரிப்பை வேணும்னே குறைக்கணும். டிராக்ல ஓட்டுறவங்க அதெல்லாம் செஞ்சு, ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்து கொண்டு வர்றாங்க. தினமும் ஆபீஸுக்குப் போய் வர்ற காருக்கு, மழைல ஃப்ரீவே ஏறுற காருக்கு அந்த வீலை மட்டும் தனியா எடுத்துப் போட்டா நாம எங்க ஆரம்பிச்சோமோ அங்கயே போய் நிப்போம்.

கம்பெனி வீல் செகண்ட்ஹேண்ட்ல தேடினோம். இதுல ஒரு எச்சரிக்கை, அதே டிசைன்ல ரெப்ளிகா நிறைய சுத்துது, பாக்க அச்சு அசல், ஆனா அகலமும் ஆஃப்செட்டும் வேற, சிலது நாலும் ஒரே அளவு. படத்தைப் பாத்து காசு அனுப்பாதீங்க, வீலைத் திருப்பி உள்பக்கம் எழுதியிருக்கிற அளவைப் பாருங்க, முன் வீலும் பின் வீலும் தனித்தனியா பாருங்க, கையால சுத்தவிட்டு வளைவு இருக்கான்னு பாருங்க, ஸ்போக்கு ரிம்மோட சேர்ற இடத்துல மயிரிழை விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. தம்பிக்குக் கிடைச்ச செட்ல ஒரு பின் வீல் லேசா வளைஞ்சிருந்துச்சு, அதைத் திருப்பிக் குடுத்துட்டு வேற ஒண்ணு வாங்கினாரு, வெல்டு வச்சு நிமித்தித் தரேன்னு ஒரு கடைல சொன்னாங்க, நான் வேண்டவே வேணாம்னுட்டேன்.

நட்டு விஷயத்துல கம்பெனி வீல் வந்ததும் உருண்டை நட்டுதான் சரி, ஆனா பழைய நட்டோட முகம் எல்லாம் கோடு விழுந்து கெட்டிருந்ததால புதுசா கம்பெனி நட்டே 20 வாங்கினோம். ஸ்டட் ஒவ்வொண்ணுலயும் கையாலயே நட்டை முழுக்க ஏத்திப் பாத்தோம், தளர்ந்திருந்த அந்த வலது முன் வீல்ல ஒரு ஸ்டட் பாதில இறுகுச்சு, அதை மாத்தியாச்சு. நட்சத்திர வடிவ வரிசைல, ரெண்டு சுத்தா, டார்க் ரெஞ்ச் வச்சு 80 பவுண்ட்-அடி, அதாவது 108 நியூட்டன் மீட்டர். ஏர் கன்ல அடிச்சு முறுக்குறதைக் கடைக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி நிறுத்திட்டோம். கொஞ்சம் மைல் ஓடினதும் மறுபடி ஒரு தடவை டார்க் பாக்கணும், பாத்தோம், நகரல.

மாட்டினதோட முடிஞ்சுதுன்னு விடல. கார் தூக்கி இருக்கும்போதே கீழ் ஆர்முக்கு அடில இன்னொரு ஜாக்கியை வச்சு சஸ்பென்ஷனை முழுசா அமுக்கிப் பாத்தோம், முன் சக்கரத்தை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பி உள் லைனர்ல இருந்தும் மேல் ஆர்ம்ல இருந்தும் எவ்வளவு இடைவெளின்னு பாத்தோம். டயர் ஷோல்டர்ல சாக்பீஸால பட்டையா தடவி, ரெண்டு பேர் உக்காந்து, எங்க ஏரியால வேகத்தடை அதிகமா இருக்கிற தெருவுல ஓட்டிட்டு வந்து பாத்தோம், சாக்பீஸ் எங்கயும் அழியல. அதே 245ன்னாலும் பிராண்டுக்கு பிராண்ட் உண்மையான அகலம் சில மிமீ மாறும், அதனால நம்பர் சரியா இருந்தாலும் இந்தச் சோதனையைச் செஞ்சே ஆகணும். கதவோரம் ஒட்டியிருக்கிற லேபிள்ல சொன்ன 32 பிஎஸ்ஐ நாலுலயும் குளிர்ந்த நிலைல வச்சு அலைன்மென்ட் பாத்தாச்சு, பின் டோ ரெண்டு பக்கமும் சமமா இல்லாம இருந்துச்சு, அதையும் சரி பண்ணினாங்க.

இப்ப ஃப்ரீவேல ஸ்டியரிங் வரியைப் புடிக்கிறது போயிடுச்சு, உரசல் இல்ல, 65 மைல் நடுக்கம் இல்ல. அடுத்த மழைல அதே வளைவுல போயிட்டு வந்து தம்பி போன் பண்ணினாரு, பின்பக்கம் அசையவே இல்லைன்னாரு, முன்பக்கம் முன்ன மாதிரி சுறுசுறுப்பா கடிக்கலயேன்னு ஒரு சின்ன வருத்தமும் சொன்னாரு. அது அப்படித்தான் இருக்கணும், 225ல இருந்து 215க்கு வந்திருக்கோம், பின்னாடி 245 இருக்கு, கிரிப் தீரும்போது முதல்ல முன்பக்கம் லேசா வெளிய போகும், அப்ப கால் மெதுவா எடுத்தா கார் வழிக்கு வந்துடும். பின் டயர் முதல்ல தேயும்கிறதால அதோட பள்ளத்தை அடிக்கடி பாக்கச் சொல்லியிருக்கேன், முன் பின் சைஸ் வேறங்கிறதால இடம் மாத்திப் போட்டு சமாளிக்கவும் முடியாது, தேய்ஞ்சா அதே மாடல்ல ரெண்டு புதுசு பின்னாடி போட்டுத்தான் ஆகணும். அடுத்த தடவை பின்னாடி மட்டும் சிஆர் மாதிரி 255/40 போடலாமான்னு கேட்டாரு, அந்த 8.5 ரிம்லயே ஹோண்டா போட்ட சைஸ் அது, ஆனா ஏபி1 ஃபெண்டர்ல அந்த ஸ்க்ரூ பக்கம் இடைவெளி குறையும், முதல்ல சாக்பீஸ் சோதனை, அப்புறம்தான் முடிவுன்னு சொல்லியிருக்கேன்.